ஒடஞ்ச பாலம் ஒண்ணு குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, பாலத்துலேர்ந்து வந்த ஊர் பேரு, குடும்பப் பேரு பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. கேம்பிரிட்ஜ், இன்ஸ்புரூக், ஜப்பான்ல தகாஹாஷி, பிரான்ஸ்ல டுபாண்ட்னு ஒலகத்தையே ஒரு ரவுண்டு சுத்திக்கினு வந்தாரு எழுதினவரு. நானும் காபி ஆறிப்போறது தெரியாம படிச்சுக்கினு வந்தேன், கடைசியில பாத்தா தமிழ்நாட்டுல இந்த மாதிரி பாலத்தோட பேர வெச்சுக்கிற பழக்கமே கிடையாதுன்னு ஒரே வரியில கதவ சாத்திட்டாரு. சார், நான் வேலூர்ல டவுன் பஸ்ஸுலயும் மொபசல்லயும் சேத்து 31 வருஷம் கண்டக்டரா இருந்தவன். ஒரு நாளைக்கு எத்தன பாலத்த கிழிச்சு ஜனங்க கையில குடுத்திருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். அதான் இந்த லெட்டர்.

முன்னாடியே சொல்லிடறேன், கண்ணு சரியில்லாததால இத போன்ல பேசி டைப் பண்றேன். பாலம்னு சொன்னா சில நேரம் பலம்னு போடுது, வாராவதின்னா வார விடுதின்னு போடுது. கண்ணுல பட்டத திருத்தியிருக்கேன், மிச்சத்த நீங்க பாத்துக்கோங்க.

பஸ் ரூட்ல ஸ்டேஜ்னு ஒண்ணு இருக்கு, அத வெச்சுத்தான் சார்ஜு. ஸ்டேஜுக்கு ஒரு பேரு வேணும். டவுனுக்குள்ள கோட்டை, ஆஸ்பத்திரி, மார்க்கெட்னு பேருக்கு பஞ்சமில்ல, டவுன தாண்டிட்டா என்ன இருக்கு? ஒரு புளியமரம், ஒரு ஏரிக்கரை, ஒரு கூட்ரோடு, ஒரு பாலம். வடாற்காட்டுல கொஞ்ச தூரம் போனா எதனா ஒரு ஓடையோ கானாறோ ரோட்டுக்கு குறுக்க வந்துடும். கானாத்துல வருஷத்துக்கு பத்து நாள் தண்ணி ஓடினா பெருசு, ஆனா அந்த பத்து நாளைக்காக ஒரு பாலம் கட்டியாகணும், பாலம் கட்டினா பக்கத்துல ஒரு டீக்கடை வந்துடும், டீக்கடை வந்தா பஸ் நிக்கும், பஸ் நின்னா நாலு வீடு வரும், அப்புறம் அது ஊரு. கல்யாண பத்திரிகையில கூட "பாலம் பஸ் ஸ்டாப் அருகில்"னு அடிச்சிருப்பாங்க. இதுக்கு மேல ஒரு ஊருக்கு எப்படி சார் பேர் வெக்கிறது?

நான் வேலைக்கு சேந்தது 1981-ல. எனக்கு சொந்த ஊரு திண்டிவனத்துக்கு தெக்க, தென்னாற்காடு. சேந்து பத்து நாள் கூட ஆவல, குடியாத்தம் பக்கம் போற வண்டி, கீரக்கூடையோட ஒரு ஆயா ஏறிச்சு. கூடைய சீட்டுக்கு அடியில தள்ளிட்டு, முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த சில்லறைய அவுத்து என் கையில வெச்சு, "நைனா, வாராவதியாண்ட எறக்கி வுடு"ன்னுச்சு. நான் ஸ்டேஜ் லிஸ்ட்ட மேலேர்ந்து கீழ வரைக்கும் பாக்கறேன், வாராவதின்னு ஒரு ஊரே இல்ல. அப்படி ஒரு ஊரு இந்த ரூட்ல கிடையாதும்மான்னு சொன்னா பஸ்ஸே சிரிக்குது. டிரைவர் அண்ணன் திரும்பாமலேயே "பாலத்த சொல்லுதுய்யா அது"ன்னாரு. எறங்கறப்போ அந்த ஆயா சும்மா எறங்கல, "தமிழு தெரியாதவன் எல்லாம் பைய மாட்டிக்கினு வந்துடறான்"னு சொல்லிட்டுத்தான் எறங்குச்சு. 

அது தமிழே இல்லங்கிறதுதான் வேடிக்கை. வாராவதி தெலுங்கு வாரதியிலேர்ந்து வந்தது, பெஜவாடாவுல, அதான் விஜயவாடாவுல, கிருஷ்ணா ஆத்து மேல இருக்கிற பாலத்துக்கு இன்னிக்கும் கனகதுர்கா வாரதின்னுதான் பேரு. நம்ம ஜில்லாவுல அந்த வார்த்த பொழங்கறதுல ஆச்சரியமே இல்ல. சித்தூரு 1911 வரைக்கும் வடாற்காட்டோட சேந்துதான் இருந்துச்சு. மெட்ராஸ்லயும் பழைய ஆளுங்க பாலத்த வாராவதின்னுதான் சொல்வாங்க. எங்க பஸ்ஸுல இது மட்டுமா? கஸ்பா பக்கம் ஏறுற பாய் வூட்டு அம்மாங்க "புல் கே பாஸ்"னு கேப்பாங்க, உருதுல புல்னா பாலம், பார்சியிலேர்ந்து வந்தது. மொத தடவ நான் பில்லு விக்கிற எடத்த கேக்கறாங்கன்னு நெனச்சேன். காலேஜ் பசங்க பிரிட்ஜும்பாங்க. ஒரே எடத்துல எறங்கறதுக்கு வாராவதி, பாலம், புல், பிரிட்ஜுன்னு நாலு பேருக்கு நாலு வார்த்த, நாலும் அதே ஸ்டேஜு, அதே காசு. உங்க கட்டுரைக்காரரு ஒரு வாரம் எங்க ரூட்ல வந்திருந்தாருன்னா அந்தக் கடைசி வரிய எழுதியிருக்க மாட்டாரு.

அந்த புல் ஈரான், ஆப்கானிஸ்தான் வரைக்கும் போகுது. ஈரான்ல தெஸ்ஃபுல்னு ஒரு ஊரு, கோட்டையும் பாலமும் சேந்த பேரு. ஆப்கானிஸ்தான்ல சர்-ஏ-புல், பாலத்தோட தலைமாடுன்னு அர்த்தம். அரபியில பாலத்துக்கு கந்தரான்னு மேல்விஷாரத்து பாய் ஒருத்தர், ரொம்ப நாள் வளைகுடாவுல இருந்தவரு, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்துக்கினு சொன்னாரு. சூயஸ் கால்வாய் ஓரம் எல் கந்தரான்னு ஊரே இருக்குன்னாரு. ஸ்பெயின்ல அல்கந்தரான்னு ஒரு ஊரு, ரோமாபுரிக்காரங்க கட்டின கல்லு பாலம் அங்க இன்னும் நிக்குது, பாலத்த கட்டினது ஒருத்தன், பேர் வெச்சது அப்புறமா வந்த அரபுக்காரன். அந்த ஊர் பேரு மனுஷங்களுக்கும் ஏறி, ஸ்பெயின்லயும் போர்ச்சுகல்லயும் அல்கந்தராங்கிறது குடும்பப் பேரா நடமாடுது.

இப்ப நம்ம ஊருங்களுக்கு வரேன். திருச்சியில பாலக்கரை. கும்பகோணத்துல ஒரு பாலக்கரை, விருத்தாசலத்துல ஒண்ணு. என் சம்சாரத்துக்கு திருச்சி பாலக்கரைதான் பொறந்த ஊரு, உங்க கட்டுரைய அவங்களுக்கு படிச்சு காட்டினேன், "அப்போ நான் எங்க பொறந்தேன்னு அவரையே கேளுங்க"ன்னாங்க. இங்கிலாந்துல பிரிஸ்டல்னு ஒரு பெரிய ஊரு இருக்கே, அதோட பழைய பேருக்கு பாலம் இருக்கிற எடம்னு அர்த்தம். பாலக்கரைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? அவங்க ஊரு கப்பல் கட்டி ஒலகத்துக்கு போச்சு, அதான் வித்தியாசம்.

மரப்பாலம் எடுத்துக்கோங்க. புதுச்சேரியில ஒண்ணு, ஈரோட்டுல ஒண்ணு, கோயம்புத்தூர்லேர்ந்து பாலக்காடு போற ரோட்ல மதுக்கரையாண்ட ஒண்ணு, குன்னூர் மலையேறுற வழியில ஒண்ணு. புதுச்சேரி மரப்பாலத்துல சிக்னல் இருக்கு, டிராபிக் ஜாம் இருக்கு, மரம் எங்க இருக்குது? ஆனா கண்டக்டரு மரப்பாலம்னு கத்தினாத்தான் ஜனம் எழுந்திருக்கும். கேரளாவுல அடிமாலி பக்கம் இரும்புப்பாலம், நெடுங்கண்டம் பக்கம் தூக்குப்பாலம், ரெண்டும் ஊரு பேருதான். நம்ம பொன்னை ஆத்து மேல திருவலத்துல இரும்பு பாலம் ஒண்ணு இருக்கு, வெள்ளக்காரன் காலத்துது, அதுல வண்டி ஏறினா தடதடன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, தூங்கறவன் எல்லாம் எழுந்து பைய எடுத்துக்குவான், நான் விசிலே அடிக்க வேணாம்.

பாலம்னு ஒரே வார்த்தைய போட்டா போதாது சார், அதுல எத்தனயோ இருக்கு. தண்ணி வந்தா மூழ்குறது தரைப்பாலம், மழைக்காலத்துல உங்க பேப்பர்லயே தெனம் வர வார்த்த. ஒசந்தா மேம்பாலம். ஏரித் தண்ணி போறதுக்கு மதகு, சிவகங்கை பக்கம் மதகுப்பட்டின்னு ஊரே இருக்கு. ரோட்டுக்கு அடியில குழாய் போட்டு மேல சின்னதா கைப்பிடி சுவரு கட்டியிருந்தா அது கல்வட்டு. கல்வெர்ட்ங்கிற இங்கிலீஷ் வார்த்தைதான் அது, நம்ம வாயில வந்து கல்வட்டு ஆகி, கொஞ்சம் படிச்சவங்க வாயில கல்வெட்டும் ஆயிடுச்சு. ஒரு தடவ தொல்லியல் படிக்கிற பசங்க ரெண்டு பேரு, ஊருக்குள்ள கல்வெட்டு எங்க இருக்குன்னு கேட்டு, ஜனங்க கை காட்டின எடத்துக்கு போய் பாத்தா நாலு பேரு உக்காந்து பீடி குடிச்சுக்கினு இருந்தாங்களாம், அதுங்க திரும்பி என் வண்டியிலதான் வந்துச்சுங்க.

அப்புறம் கண்ணு. தண்ணி போற வழிய நம்மாளுங்க கண்ணுன்னுதான் எண்ணுவாங்க, மூணு கண்ணு பாலம், அஞ்சு கண்ணு பாலம். மேட்டூர்ல 16 கண் மதகு எல்லாருக்கும் தெரியும். செங்கோட்டையிலேர்ந்து புனலூர் போற ரயில் பாதையில 13 கண் பாலம், ரயில் போறப்ப கீழ ரோட்டுலேர்ந்து அண்ணாந்து பாக்கறதுக்குன்னே கார நிறுத்தறாங்க. எத்தன கண்ணுன்னு சொல்லிட்டா எந்தப் பாலம்னு யாரும் கேக்க மாட்டாங்க.

ஒரு திருத்தமும் சொல்லணும், இது என் பொண்ணு சொன்னது. அவ ஜெர்மனியில சார்புரூக்கன்ல கம்ப்யூட்டர் வேல பாக்கறா. உங்க கட்டுரையில சார்புரூக்கன்னா 'சார்'ங்கிற ஆத்தோட பாலம்னு போட்டிருந்தீங்க, நான் பெருமையா போன்ல படிச்சு காட்டினா, "அப்பா அது தப்பு"ங்கறா. புரூக்கன்னா ஜெர்மன்ல பாலங்கதான், ஆத்து மேல டஜன் கணக்குல பாலமும் இருக்குதாம், ஆனா ஊர் பேரு அந்தப் பழைய பாலத்துக்கு ஐநூறு வருஷத்துக்கு மேல மூத்தது. பாலம் 1546-ல கட்டினது, ஊர் பேரு 999-ம் வருஷத்து பத்திரத்துலயே இருக்கு. பாறைங்கிற ஒரு பழைய வார்த்தையிலேர்ந்து வந்திருக்கும்னு சொல்றாங்களாம். காதுக்கு பாலம் மாதிரி இருக்கேன்னு பின்னாடி வந்தவங்க பாலமா ஆக்கிட்டாங்க. அதே ஜெர்மனியில ஸ்வைபுரூக்கன்னு இன்னொரு ஊரு, அது நெசமாவே ரெட்டைப் பாலம்.

இத கேட்டதும் எனக்கு நம்ம தோட்டப்பாளையம்தான் ஞாபகம் வந்துச்சு. காட்பாடி ஸ்டேஷன்ல எறங்கற வெளியூர்க்காரங்க இங்கிலீஷ் போர்டை பாத்து தோட்டப்பாலம்னே கேப்பாங்க. பாளையம்னா படை தங்கின எடம், பாலத்துக்கும் அதுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது, ல வேற ள வேற. மேட்டுப்பாளையமும் அப்படித்தான். பாலமதி மலை வேற ஒண்ணு இருக்கு, மேல முருகன் கோயில் இருக்கு, பாலம் இல்ல. பாலாறு கூட பாலத்தால வந்த பேரு இல்ல, பாலு ஆறு, ஆனா எங்க காலத்துல முக்காவாசி வருஷம் அதுல பாலும் இல்ல தண்ணியும் இல்ல, மணலு மட்டும் இருந்துச்சு, அதையும் லாரியில ஏத்திட்டாங்க. விருதம்பட்டு பக்கத்துல பாலத்து மேல டவுன் பஸ் போறப்ப கீழ பசங்க கிரிக்கெட் ஆடறத பாத்துக்கினே டிக்கெட் போட்டிருக்கேன். 2021 நவம்பர்ல கரை ரெண்டையும் தொட்டுக்கினு தண்ணி வந்தப்ப பாதி வேலூரு பாலத்து மேலதான் நின்னுச்சு, நானும் போனேன், ஒரு அம்மா தட்டுல மஞ்சள் குங்குமம் வெச்சு எடுத்துக்கினு வந்து மேலேர்ந்து போட்டாங்க. பாலம் எதுக்கு இருக்குதுன்னே நிறைய பசங்களுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அடுத்த மாசமே திருவலத்தாண்ட பொன்னை ஆத்து ரயில் பாலத்துல பழுதாயி ரயிலெல்லாம் நின்னுபோச்சு, அது வேற கத.

பொன்னை ஆறுன்னு சொன்னேனே, சித்தூர் பக்கம் அதுக்கு பேரு நீவா. இங்க வந்தா பொன்னைங்கிற ஊரோட பேருதான் ஆத்துக்கும். கேம்பிரிட்ஜ் கதையில கட்டுரைக்காரரு விட்டது இதத்தான். கேம் ஆத்து மேல பாலம், அதனால கேம்பிரிட்ஜுன்னு எழுதிட்டாரு, ஆனா அந்த ஆத்துக்கு பழைய பேரு கிராண்டா, ஊருக்கு கிராண்டபிரிட்ஜ் மாதிரி ஒரு பேரு இருந்து, அது வாயில தேஞ்சு தேஞ்சு கேம்பிரிட்ஜ் ஆயி, அப்புறம் ஊர் பேருலேர்ந்துதான் ஆத்துக்கு கேம்னு வெச்சாங்க. பாலம் இருக்கிற ஊரு, ஆத்துக்கே பேர் வெச்சுட்டுது.

வாயில தேயறதுக்கு மெட்ராஸ விட்டா வேற எடம் இல்ல. ஹாமில்டன் வாராவதின்னு ஒண்ணு இருந்துச்சாம், பக்கிங்காம் கால்வாய் மேல. ஹாமில்டன் நம்மாளுங்க வாயில நுழையல, அமட்டன்னு ஆச்சு, அது முடிதிருத்துறவங்கள அந்தக் காலத்துல கூப்பிட்ட பேரு மாதிரி காதுல விழுந்துச்சு, திரும்பி இங்கிலீஷ்ல எழுதினவன் பார்பர்ஸ் பிரிட்ஜுன்னு எழுதிட்டான். தொரை பேரு போயே போச்சு. இப்ப அதுக்கு அம்பேத்கர் பேரு. சைதாப்பேட்டை பாலத்துக்கு வெள்ளக்காரன் மார்மலாங்னு எழுதி வெச்சான், மாம்பலம்தான் அவன் வாயில அப்படி ஆச்சு. 1726-ல அத கட்டினது கோஜா பெத்ருஸ் உஸ்கான்னு ஒரு அர்மீனிய வியாபாரி, சொந்த காசுல. இப்ப மறைமலை அடிகள் பாலம். ஜெமினியில ஸ்டூடியோ போயி எத்தனையோ வருஷம் ஆச்சு, மேம்பாலத்துக்கு அண்ணா பேரு வெச்சு 1973-லேர்ந்து போர்டும் இருக்கு, ஜனங்க ஜெமினின்னுதான் டிக்கெட் கேக்குது.

பாலத்த கட்டினவன் பேரே பாலத்துக்கு நின்னதுக்கு திருநெல்வேலிய சொல்லணும். சுலோச்சன முதலியார், கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா இருந்தவரு, தாமிரபரணிக்கு குறுக்க சொந்தப் பணத்துல கட்டினாரு, 1843-ல தெறந்தாங்க, சம்சாரத்தோட நகையெல்லாம் அதுல போச்சுன்னு சொல்வாங்க. என் சம்சாரம் கிட்ட இத சொல்லல.

இனிமே குடும்பப் பேரு. நமக்கு குடும்பப் பேரு இல்ல, இன்ஷியல்தான், அது உண்மை. என் பொண்ணு ஜெர்மனிக்கு போறப்ப ஒரு ஆபீஸ்ல பாரத்துல சர்நேம் கட்டம் காலியா இருக்குன்னு மூணு தடவ திருப்பி அனுப்பினாங்க, கடைசியில என் பேர எடுத்து அவ பேருக்கு பின்னால மாட்டினோம், இன்னிக்கும் அங்க ஆபீஸ்ல அவள என் பேர சொல்லித்தான் கூப்பிடறாங்களாம், போன்ல கேட்டா எனக்கே வெக்கமா இருக்கு. ஜப்பான்லயும் சாதாரண ஜனங்க நிறைய பேருக்கு முன்ன அப்படி பேரு கிடையாது, 1875-ல எல்லாரும் கட்டாயம் குடும்பப் பேர் வெச்சுக்கணும்னு சட்டம் வந்துச்சு. தகாஹாஷின்னா ஒசந்த பாலம். ஹாஷிமோத்தோன்னா பாலத்தோட அடி, எங்க பாஷையில சொன்னா பாலத்தாண்ட. இஷிபாஷின்னா கல்பாலம். அந்தப் பேர்ல ஷோஜிரோ இஷிபாஷின்னு ஒருத்தரு 1931-ல டயர் கம்பெனி ஆரம்பிச்சாரு, தன் பேர இங்கிலீஷ்ல போட்டு முன்ன பின்ன மாத்தி பிரிட்ஜ்ஸ்டோன்னு வெச்சாரு. டயர் கடை போர்டுல அந்தப் பேர பாத்துக்கினே இத்தன வருஷம் போயி வந்திருக்கேன், அது ஒரு ஆளோட பேருன்னு உங்க கட்டுரைய படிச்சுட்டு பொண்ணுகிட்ட கேட்டப்பத்தான் தெரிஞ்சுது. மதுரையில யானைக்கல்லாண்ட கல்பாலம் இருக்கு, அந்த வூட்டுப் புள்ள ஒண்ணு ஜப்பான்ல பொறந்திருந்தா இஷிபாஷி.

ஆனா நமக்கு சேது இருக்குதே சார், அத எப்படி மறந்தாரு? சேதுன்னா பாலம். சேதுராமன், சேதுமாதவன், சேதுலட்சுமி, வெறும் சேது, ஒரு தெருவுல ரெண்டு பேராவது இருப்பாங்க. புள்ள இல்லாதவங்க ராமேஸ்வரத்துக்கு போயிட்டு வந்து பொறந்த புள்ளைக்கு அந்தப் பேர வெப்பாங்க, எங்க டெப்போவுலயே டைம் கீப்பர் ஒருத்தர் அப்படி பேர் வாங்கினவரு. ராமநாதபுரம் ராஜாக்களுக்கு பட்டமே சேதுபதி, பாலத்துக்கு காவலன், பாஸ்கர சேதுபதி விவேகானந்தர் 1893-ல சிகாகோ போறதுக்கு தொணையா நின்னவரு. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திங்க காசுலயே சேதுன்னு அடிச்சிருக்காங்க. திருப்புல்லாணி பக்கம் சேதுக்கரை, தஞ்சாவூர் ஜில்லாவுல சேதுபாவாசத்திரம். பாலக்கரை, சேதுக்கரை, ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். துருக்கியில கோப்ருன்னா பாலம், அந்தப் பேர் கொண்ட ஊர்லேர்ந்து வந்து கோப்ருலுன்னு ஒரு குடும்பமே சுல்தானுக்கு மந்திரியா இருந்துச்சுன்னு கட்டுரையில மூணு வரி எழுதினவரு சேதுபதிக்கு ஒரு வரி குடுத்திருக்கலாம்.

இன்னொண்ணு, சேதுன்னா சமஸ்கிருதத்துல பாலமும்தான், அணையும்தான். பழைய தமிழ்ல அணைங்கிற வார்த்தையும் அப்படியே ரெண்டுக்கும் வரும், ராமர் கட்டினத திருவணைன்னும் சொல்வாங்க. அப்படி பாத்தா ஒடுகத்தூர் போற வழியில இருக்கிற நம்ம அணைக்கட்டு, இப்ப தாலுகா ஆயிட்டுதே, அதுவும் இந்த சாதிதான். இங்கிலீஷ்காரன் அந்த வார்த்தைய அனிகட்னு எடுத்துக்கினு போயி டிக்‌ஷனரியில போட்டுக்கினான்.

வேலூர்ல ஆஸ்பத்திரிக்குன்னு வர ஜனங்கள நம்பி பாதி ஊரு பொழைக்குது, லாட்ஜு போர்டெல்லாம் பெங்காலியில இருக்கும், பங்களாதேஷ்லேர்ந்து வந்தவங்க கூட 2022-ல தெறந்த பத்மா சேதுவ பத்தி போன்ல போட்டோ காட்டி பேசுவாங்க, அவங்களுக்கும் அது சேதுதான். அங்க வேல செய்யற மலையாள நர்சம்மா ஒருத்தங்க பஸ் பாஸ்ல பேருக்கு பின்னாடி பாலத்திங்கல்னு இருந்துச்சு. என்னம்மா இதுன்னு கேட்டேன், வீட்டுப் பேருண்ணான்னாங்க, பாலத்துக்கிட்ட இருக்கிற வீடாம். பரப்பனங்காடி பக்கம் அந்தப் பேர்ல ஊரும் இருக்கு. சிங்களத்துலயும் பாலத்துக்கு பாலமன்னுதான் சொல்றாங்க. பாலாத்தங்கரையில முத்து மண்டபத்துல தூங்கறாரே கண்டியோட கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கன், 1832-ல இங்க வேலூர்லயே செத்துப்போனவரு, அவரு ஊர்லயும் இங்கயும் அந்த ஒரு வார்த்த ஒண்ணுதான்.

பாலத்த பாத்துக்கிறவனுக்கும் பேரு இருக்கு. போஸ்னியாவுல மோஸ்தார்னு ஊரு, பாலத்த காவல் காக்கறவங்கன்னு அர்த்தம், 1566-ல கட்டின கல்லு பாலத்த 1993 சண்டையில குண்டு போட்டு ஒடச்சாங்க, 2004-ல அதே மாதிரி திருப்பி கட்டினாங்க. நடுவுல அந்தப் பதினோரு வருஷம் பாலம் இல்ல, ஊர் பேர யாரும் மாத்தல.

இத ஏன் சொல்றேன்னா, நான் ரிட்டயர் ஆனப்ப கடைசியா போன ரூட்ல ஒடஞ்ச பாலம்னு ஒரு ஸ்டாப்பு. நான் வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடியே ஏதோ ஒரு மழையில பாதி பாலத்த கானாறு அடிச்சுக்கினு போயிடுச்சு, புதுசு கட்டி முடிக்கற வரைக்கும் பஸ்ஸு அங்கயே நின்னு திரும்பும், அப்ப வந்த பேரு. அப்புறம் நல்லா கெட்டியா புதுப்பாலம் கட்டினாங்க, அதையும் அகலப்படுத்தினாங்க, பேரு மட்டும் ஒடஞ்ச பாலம். வெளியூர்க்காரங்க பயந்துக்கினு எட்டி எட்டி பாப்பாங்க. உங்க கட்டுரையில பான்டிஃப்ராக்ட்னு இங்கிலாந்து ஊரு ஒண்ணு விட்டுப்போச்சு, அதிமதுர மிட்டாய்க்கு பேர்போன ஊராம், லத்தீன்ல ஒடஞ்ச பாலம்னு அர்த்தம்னு என் பொண்ணுதான் தேடி சொன்னா. அவங்க அத அட்லஸ்ல போட்டு வெச்சிருக்காங்க. எங்க ஒடஞ்ச பாலம் ஸ்டேஜ் லிஸ்ட்ல கூட இல்ல இப்ப.

வடாற்காடு 1989-ல பிரிஞ்சு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆச்சு, அப்புறம் வேலூர் மாவட்டம் ஆச்சு, 2019-ல மூணா பிரிஞ்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு போச்சு, ஒவ்வொரு தடவையும் போர்டு மாத்தி எழுதினாங்க, அதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. ஸ்டாப்பு பேர ஏன் தொடறாங்கன்னுதான் கேக்கறேன்.

போன மாசம் பழைய ஞாபகத்துல அந்த ரூட்ல ஏறினேன். சின்னப் பையன் கண்டக்டரு, தங்கமான பையன், சீனியர் சிட்டிசன்னு சீட்டெல்லாம் போட்டுக் குடுத்தான். "ஒடஞ்ச பாலம் ஒண்ணு குடுங்க தம்பி"ன்னேன். மெஷின்ல தேடறான் தேடறான், மேல போறான் கீழ வரான், 1981-ல நான் ஸ்டேஜ் லிஸ்ட்ட பாத்த மாதிரியே. "அப்படி ஒரு ஸ்டாப்பு இல்லையே ஐயா"ன்னான். பின்னாடி சீட்ல ஸ்கூல் பையோட இருந்த பொண்ணு "அண்ணா, டீக்கடை"ன்னுச்சு. டிரைவரு கண்ணாடியில பாத்து, "நகர் போடுப்பா, அதேதான்"னாரு. பக்கத்துல மனை பிரிச்சு வித்தவங்க வெச்ச நகர் பேரு அது, மெஷின்ல ஏறிடுச்சு. டர்ருனு டிக்கெட் வந்துச்சு.

ஒடஞ்ச பாலத்தாண்ட எறங்கி ஒரு டீ குடிச்சேன். டீக்கடைக்காரரு இந்தக் கதைய கேட்டுட்டு, பார்சல்காரங்க கூட போன் பண்ணி ஒடஞ்ச பாலம் எங்கன்னுதான் கேக்கறாங்க, நகர் எங்கன்னு ஒருத்தனும் கேட்டதில்லன்னாரு.

ரெண்டே ரெண்டு விஷயம் கேக்கறேன். சார்புரூக்கனுக்கும் அந்தக் கடைசி வரிக்கும் ஒரு திருத்தம் போடுங்க. அப்புறம் உங்க நிருபருங்க கிட்ட சொல்லுங்க, எங்க பக்கம் விபத்துன்னு எழுதறப்ப "அப்பகுதியில் உள்ள பாலம் அருகே"ன்னு எழுதாம, எறங்கி நாலு பேர கேட்டு அது எந்தப் பாலம்னு எழுதச் சொல்லுங்க, ஒவ்வொண்ணுக்கும் பேரு இருக்கு. டிக்கெட்ட போட்டோ எடுத்து இதோட அனுப்பியிருக்கேன். அச்சடிச்ச பேர அடிச்சிட்டு மேல பேனாவுல எழுதியிருக்கிறது என் கையெழுத்துதான்.

இப்படிக்கு,
ரிட்டயர்டு கண்டக்டர் ஒருத்தர்,
வேலூர்.